பக்கத்து நாற்காலி

இட்லிப் பானையின் மூடி கையிலிருந்து நழுவி அடுக்களைத் தரையில் உருண்டது 2019-இல், ஓர் ஆடி வெள்ளியன்று. அதிகாலையில் வாசலில் உட்கார்ந்தபோதே கோலமாவு விரலிடுக்கில் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. பெங்களூரு தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் டெலிபோன் இணைப்பகப் பலகைகளில் மயிரிழைக் கம்பிகளைப் பற்றவைத்த விரல்கள் அவை. ஓய்வு பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. “வேலையை விட்டதும் விரலுக்கும் சோம்பேறித்தனம் வந்துவிட்டது” என்று மருமகளிடம் சொல்லிச் சிரித்தேன். ஒரு மாதத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. எழுந்து ஒன்றரை மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது. புளி கரைக்க முடியாது, துணி பிழிய முடியாது, குளியலறைக் குழாயைத் திருக முடியாது.

ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டரும் ஆன்ட்டி சி.சி.பி.யும் பாசிட்டிவ். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், தமிழில் முடக்குவாதம். வயதானால் முழங்கால் தேய்கிறதே, அது வேறு, இது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்ளுறையைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிறது. அடக்காமல் விட்டால் எலும்பை அரித்து விரல்களைக் கோணலாக்கிவிடும். எனக்கு எழுதப்பட்டது, அந்தச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், வாரத்தில் ஒரே ஒரு நாள். இன்னொரு நாள் ஃபோலிக் அமிலம். தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின். குணம் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்றார் டாக்டர்.

அந்த முதல் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன். “இதோடு கொட்டஞ்சுக்காதித் தைலம் தேய்த்துக்கொள்ளலாமா?” அவர் பேனாவை மூடி வைத்தார். “எண்ணெய் தேய்த்துச் சரியாகும் என்றால் அங்கேயே போங்களேன், என்னிடம் ஏன் வந்தீர்கள்?” அறையிலிருந்த உதவியாளர் சிரித்தார். என் மகனும் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். வெறும் மேல்பூச்சுக்கே இந்த மரியாதை என்றால், உள்ளுக்குச் சாப்பிடுவதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அன்று ஒரு கணக்குப் போட்டேன். பிறகு மகனின் அலுவலகக் காப்பீட்டுப் பட்டியலில் இருந்த வேறொரு மருத்துவமனைக்கு மாறினோம். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையானவர், கன்னடத்தில் மெதுவாகப் பேசுவார். என்ன பயன்? முதல் இடத்தில் மூடிய வாயை அப்படியே அவரிடம் எடுத்துப் போனேன்.

மாத்திரையில் முதல் பொய் தொடங்கியது. மெத்தோட்ரெக்சேட்டை ஞாயிற்றுக்கிழமை இரவு போடச் சொல்லியிருந்தார்கள். போட்ட மறுநாள் முழுவதும் குமட்டல். எச்சில்கூட இரும்பு நக்கியது போலக் கசக்கும். திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டில் எப்படி இருக்கும் தெரியுமா? மகன் ஏழரைக்கு ஒயிட்ஃபீல்டுக்குக் கிளம்ப வேண்டும், மருமகள் எட்டு மணிக்கு. பேரனைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளி வேனில் ஏற்றுவது என் பொறுப்பு. அன்று போய் நான் படுத்துக்கொண்டால் யாராவது ஒருவர் விடுப்பு எடுக்க வேண்டும். மருமகள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் எனக்குத் தாங்காது. ஒரு ஞாயிறு மாத்திரையைத் தள்ளிப்போட்டேன். திங்கள் சுகமாக விடிந்தது. பிறகு மாதத்துக்கு இரண்டு ஞாயிறுகள் தள்ளிப்போயின. டைரியில் மட்டும் எல்லா ஞாயிற்றுக்கும் டிக் போட்டேன். மகன் அதைப் பார்ப்பான் என்று தெரியும்.

“மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?” என்று டாக்டரம்மா கேட்பார். நான் வாயைத் திறக்கும் முன் மகன் டைரியைப் பிரித்துக் காட்டுவான். வீக்கம் குறையவில்லை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவும் இறங்கவில்லை. அவர் என்ன செய்வார்? 10 மில்லிகிராமை 15 ஆக்கினார், 15-ஐ 20 ஆக்கினார். அடுத்தது, மாத்திரைக்குக் கட்டுப்படாதவர்களுக்குப் போடும் பயாலஜிக் ஊசி, விலை அதிகம், அதற்கு முன் உடம்பில் காசநோய்க் கிருமி பதுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். மகன் கைபேசியில் விலையைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளிறியதைப் பார்த்தேன். அப்போதும் நான் சொல்லவில்லை.

பின்னாளில் டாக்டரம்மா ஒன்றைச் சொன்னார், அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. எழுதிக் கொடுத்த அளவில் பாதியை மட்டும் விழுங்கிக்கொண்டு முழுதும் விழுங்குவதாகச் சொல்பவர், ஏதோ காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நர்ஸ் காகிதத்தில் இருப்பதைக் கணக்காக எடுத்துக் கொடுப்பார். ரத்தக்கொதிப்பு மாத்திரையில் இது அடிக்கடி நடக்குமாம். வீட்டில் போடாமல் விட்டுவிட்டு, ‘கட்டுப்படவில்லை’ என்று கூட்டப்பட்ட மூன்று மாத்திரைகளும் வார்டில் ஒரே நாளில் உள்ளே போனால் அழுத்தம் தடாலென்று விழும்.

இரண்டாவது பொய்க்கு நான் பொய் என்றே பெயர் வைக்கவில்லை. 2021-இல் ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது என் நாத்தனார் கையைப் பிடித்துப் பார்த்துக் கண் கலங்கினாள். அவள் ஊருக்கு அருகில் ஒரு வைத்தியர் இருக்கிறார், படுத்துக் கிடந்தவர்களையெல்லாம் நடக்க வைத்திருக்கிறார் என்றாள். மிளகு அளவில் கறுப்பு உருண்டைகள், செய்தித்தாளில் மடித்த பொட்டலம், காலை ஒன்று இரவு ஒன்று. நான்காவது நாள் நான் கோலம் போட்டேன். புள்ளி பதினைந்து, நேர்ப்புள்ளிக் கோலம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு அந்த வைத்தியர்மேல் முழுக் கோபம் வரவில்லை. வலியில் இருப்பவருக்கு வலி நின்ற நாள் என்பது என்ன என்று வலி இல்லாதவர்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை, ஜோலார்பேட்டையில் ரயிலேறும் ஏதாவது ஓர் உறவுக்காரர் கையில் பொட்டலம் கன்டோன்மென்ட் வந்து சேரும். பேரனுக்கு முறுக்கு என்று வீட்டில் சொல்வேன். முறுக்கும் வரும், அதன் அடியில் அதுவும் வரும். பணம் என் பென்ஷனில்.

மகனிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். அவன் அப்பா சிறுநீரகம் கெட்டு 2016-இல் போனார். டயாலிசிஸ் தொடங்கச் சொன்னபோது எட்டு மாதம் நாட்டு மருந்தில் கழித்தார். டயாலிசிஸ் செய்திருந்தால் எத்தனை நாள் இருந்திருப்பாரோ, அது வேறு விஷயம். மகனைப் பொறுத்தவரை அவரைக் கொன்றது அந்த எட்டு மாதம். அந்த வீட்டில், அந்தப் பையனுக்கு எதிரே, நான் எப்படிப் பொட்டலத்தைப் பிரிப்பது?

“வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா இதைக் கேட்டார். “இல்லை” என்றேன். பக்கத்து நாற்காலியில் மகன். உருண்டையை நான் மருந்து என்றே மனத்தில் வகைப்படுத்தவில்லை என்பதும் உண்மை. நம் ஆட்களுக்கு மருந்து என்றால் அட்டையில் வருவது, ஊசியில் ஏறுவது. லேகியம் லேகியம்தான், கஷாயம் கஷாயம்தான், சத்து மாத்திரை வெறும் சத்து, கண்ணுக்கு விடுவது சொட்டு. ‘மருந்து’ என்ற ஒற்றைச் சொல்லால் கேட்டால் எங்களில் பாதிப் பேர் உண்மையாகவே “இல்லை” என்போம். இதைப் படிக்கும் மருத்துவர் யாராவது இருந்தால் பெயர் சொல்லிக் கேளுங்கள்: பொடி உண்டா, லேகியம் உண்டா, தைலம் உண்டா, பக்கத்து வீட்டார் கொடுத்தது உண்டா, மெடிக்கல் ஷாப்பில் நேராக வாங்கியது உண்டா என்று.

உருண்டை வந்த பிறகு ஈ.எஸ்.ஆர். இறங்கியது. 20 மில்லிகிராம் வேலை செய்கிறது என்று டாக்டரம்மா மகிழ்ந்தார். நான் அதில் பாதிதான் போட்டுக்கொண்டிருந்தேன். மாதங்கள் போகப் போகக் கன்னம் உப்பியது. “அத்தை, பத்து வயது குறைந்துவிட்டீர்கள்” என்றாள் மருமகள். முன்கையில் காரணமில்லாமல் கருநீலத் தடங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 5.7-இலிருந்து 7.6. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, கொதிப்புக்கு ஒரு மாத்திரை. டாக்டரம்மா என் முகத்தைக் கூர்ந்து பார்த்து, “ஸ்டீராய்டு எங்கேயாவது வாங்கிச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டதும் நினைவிருக்கிறது. நான் சத்தியமாக இல்லை என்றேன். அந்தப் பெயரில் எதையும் நான் சாப்பிடவில்லையே!

2023 ஜனவரியில் வைத்தியர் சபரிமலைக்குப் போய்விட்டார். பொட்டலம் வரவில்லை. மூன்றாம் நாள் எல்லா மூட்டும் ஒன்றாகக் கூச்சலிட்டன. ஐந்தாம் நாள் வாந்தி, எழுந்தால் கண் இருட்டியது. பொங்கலுக்கு மறுநாள், பேரனுக்குக் கரும்பு வெட்டிக் கொடுக்கும்போது விழுந்துவிட்டேன். அல்சூரில் வீட்டுக்கு அருகில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிப் போனார்கள். ரத்த அழுத்தம் 80-க்கு 50. ரத்தத்தில் உப்புச் சத்தான சோடியம் 124, ரொம்பக் குறைவு. இளம் டாக்டர் ஒருவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். மகன்தான் பதில் சொன்னான், டைரியை நினைவிலிருந்து ஒப்பித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மயக்கம் பாதி, நடிப்பு பாதி.

ஒரு நர்ஸ் இருந்தார், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். மகனைப் பணம் கட்டும் கவுன்ட்டருக்கு அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தார். குனிந்து, “அம்மா, இப்போது யாரும் இல்லை. ஊரிலிருந்து ஏதாவது உருண்டை, பொடி வருகிறதா? இங்கே நிறையப் பேர் அப்படி வருகிறார்கள், எனக்குக் கோபமெல்லாம் இல்லை” என்றார். அவ்வளவுதான். இரண்டு வருடத்தையும் இரண்டு நிமிடத்தில் கொட்டிவிட்டேன். “நிறுத்தி எத்தனை நாள்?” என்று மட்டும் கேட்டுவிட்டு டாக்டரிடம் ஓடினார். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி ஏறிய சில மணி நேரத்தில் நான் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டேன்.

நடந்தது இதுதான். வெளியிலிருந்து நாள்தோறும் ஸ்டீராய்டு வந்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் பங்குக்குச் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. மாதக்கணக்கில் அப்படி உறங்கிய பிறகு திடீரென்று வெளி வரவை நிறுத்தினால், உடம்பு வெறுங்கையோடு நிற்கிறது. பிறகு காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில், அந்தச் சுரப்பி சுரக்க வேண்டிய கார்ட்டிசால் அடிமட்டத்தில் இருந்தது. மூட்டுவலிக்கான பெயரில்லா உருண்டைகளில் யாரோ ஸ்டீராய்டைக் கலந்து விற்பது ஆஸ்பத்திரி டாக்டர்கள் பார்த்துப் பழகிப்போன கதை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இதில் ஒரு விஷயத்தை நான் எல்லாரிடமும் பிடித்து வைத்துச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு, பயந்துபோய், இத்தகைய பொடியை இன்றிரவே குப்பையில் கொட்டிவிட்டு டாக்டரிடம் மூச்சுவிடாமல் இருந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பல மாதம் சாப்பிட்டது என்றால் கொட்டும் முன் சொல்ல வேண்டும். எனக்கு மாற்றாகக் கணக்கான அளவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த ஏழு மாதங்கள் ஆயின. ரகசியமாகத் திருந்துவதும் ஆபத்துதான்.

வீடு திரும்பிய வாரம் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது. “நான் தனியாகப் போய்ப் பேசிக்கொள்கிறேன், நீ வெளியே இரு” என்றேன். மகனுக்கு முகம் சுருங்கியது. ஆனால் இருந்தான். அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டேன், யாரோ கல்யாணத்தில் தாம்பூலம் கொடுத்த பை. வாயில் போடுவது, தோலில் தேய்ப்பது, கண்ணில் விடுவது எல்லாவற்றையும் அதில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். உட்கார்ந்ததும் மேசையில் கவிழ்த்தேன். முதலில் பேசிவிட வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு, போகிற போக்கில் சொல்லும் விஷயத்துக்கு டாக்டரிடம் நேரம் இருக்காது. நமக்கும் தப்பித்துக்கொள்ள வழி இருக்கும். “நான் உங்களிடம் இரண்டு விஷயம் மறைத்துவிட்டேன். ஒன்று சாப்பிட்டது. ஒன்று சாப்பிடாதது.”

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஹேளி அம்மா” என்றார், சொல்லுங்கள் என்று.

சாப்பிடாததைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது, தீர்வு அவ்வளவு எளிதாக இருந்தது. மெத்தோட்ரெக்சேட்டுக்கு ஞாயிறுதான் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெள்ளி இரவுக்கு மாற்றினார். சனிக்கிழமை எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், நான் படுத்துக்கொள்ளலாம். அளவை 15-ஆகக் குறைத்து, மாத்திரைக்குப் பதில் தோலடி ஊசியாகக் கொடுத்தார். அது வயிற்றை அவ்வளவு புரட்டுவதில்லை. ஃபோலிக் அமிலத்தைக் கூட்டினார். இத்தனை ஆண்டுத் திங்கட்கிழமைகளை ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிட்டார். கேட்டிருந்தால் 2020-இலேயே செய்திருப்பார். போகும்போது, வெள்ளி என்று மருந்துப் பெட்டியில் பெரிதாக எழுதச் சொன்னார். வாரம் ஒரு முறை போட வேண்டியதைத் தினமும் போட்டு உயிரை விட்டவர்கள் உண்டு என்றார்.

பிறகு மேசையில் இருந்ததை மூன்று குவியலாகப் பிரித்தார். தைலத்தை எடுத்து மோந்துவிட்டுச் சிரித்து, “இது உங்கள் இஷ்டம்” என்று என் பக்கம் தள்ளினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் இன்னொருவர் இப்படிச் சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காதோ என்று நினைத்துக்கொண்டேன். மெடிக்கல் ஷாப்பில் நானாக வாங்கி வைத்திருந்த டைக்ளோஃபினாக் வலி மாத்திரை அட்டை நேராக நிறுத்தும் குவியலுக்குப் போனது. கொதிப்புள்ளவருக்கு, அதிலும் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு, சிறுநீரகத்தை அது சோதிக்கும். கொரோனா காலத்திலிருந்து பழக்கமான சீந்தில் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். 2021-இல் மும்பையின் ஈரல் மருத்துவர்கள் சிலர், சீந்தில் சாப்பிட்ட நோயாளிகளில் ஈரல் பாதிப்பைப் பார்த்ததாக எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. “சண்டையை அவர்கள் போடட்டும். உங்களுக்கு ஏற்கெனவே ஈரலைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மருந்து ஓடுகிறது. கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்க நான் மருந்து தருகிறேன், நீங்கள் அதைத் தூண்டப் பொடி சாப்பிடுகிறீர்கள்” என்றார். இப்படிக் காரணம் சொன்னால் யாருக்குத்தான் புரியாது?

கறுப்பு உருண்டையில் மிச்சமிருந்த இரண்டை ஒரு சிறிய உறையில் போட்டு வைத்துக்கொண்டு ஒரு படிவம் நிரப்பினார். மருந்தால் தீங்கு நேர்ந்தால் அரசின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். நோயாளியும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நேராகச் சொல்லலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

“இதையெல்லாம் ஃபைலில் எழுத வேண்டாமே” என்று கேட்டேன். காப்பீட்டுக்காரர்கள் பார்ப்பார்களே என்ற பயம். அவர் தலையசைத்து மறுத்தார். நாளைக்கே ஓர் அறுவை சிகிச்சை வந்தால், மயக்க மருந்து கொடுப்பவருக்கு இந்த ஸ்டீராய்டுக் கதை தெரியாவிட்டால் அன்று நடந்தது மறுபடி நடக்கும் என்றார். எழுதினார். காப்பீட்டில் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை, எனக்கு மகனின் அலுவலகக் குழுக் காப்பீடு. தனியாகப் பாலிசி எடுப்பவர்கள் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் நல்லது. 2024-இல் வந்த விதிப்படி, முன்பே இருந்ததாகத் தெரிவித்த நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம்தான் காத்திருக்க வைக்க முடியும். காப்பீட்டுக்குப் பயந்து டாக்டரிடம் மறைப்பது, பூனைக்குப் பயந்து கிணற்றில் குதிப்பது போல.

எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமா? இல்லை. என் இடது கையில் ஒரு மந்திரித்த கயிறு இருக்கிறது. அதைப் பற்றி அவரிடம் பேசியதில்லை, பேசவும் மாட்டேன். நாத்தனாரோடு என்ன தகராறு, பென்ஷன் எவ்வளவு, அதெல்லாம் என் பாடு. உடம்புக்குள் போனது, உடம்பின்மேல் தேய்த்தது, போக வேண்டியிருந்தும் போகாமல் விட்டது, இந்த மூன்றும் மட்டும் அவருக்குச் சொந்தம் என்று கோடு போட்டுக்கொண்டேன். முதலில் விரதம் என் சொந்த விஷயம் என்றுதான் நினைத்தேன். கார்த்திகைச் சோமவாரம் ஒரு வேளைதான் சாப்பிடுவேன். ஆனால் அன்றைக்குச் சர்க்கரை மாத்திரை என்ன ஆவது? சாப்பாடு போகவில்லை என்றால் அது மூன்றாவது வகையில் வந்துவிடுகிறதே. சொன்னேன். விரதத்தை விடச் சொல்லவில்லை, அன்றைய மாத்திரையை மாற்றி எழுதினார்.

இந்தக் கோட்டைத் தெருமுனை கிளினிக்கிலும் கடைப்பிடிக்கிறேன். போன ஆண்டு நீர்க்கடுப்புக்குப் போனபோது, அந்த டாக்டர் கோட்ரைமாக்ஸசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தார். பட்டியலை நீட்டினேன். மெத்தோட்ரெக்சேட் என்பதைப் பார்த்ததும் பேனா நின்றது. இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையையே முடக்கலாம். வேறு எழுதினார். பட்டியல் ஒன்றும் பெரிய வித்தையில்லை, காலண்டர் தாளின் பின்பக்கம் பேரன் எழுதிக் கொடுத்தது.

டாக்டர் திட்டினால்? திட்டுவார்கள், சிலர். முதல் டாக்டரிடம் இன்று போனால் இப்படிச் சொல்வேன்: “நான் உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். இது உங்கள் மருந்தோடு மோதுமா என்று மட்டும் சொல்லுங்கள்.” அப்போதும் சிரித்தால் எழுந்து வந்துவிடுவேன். உள்நோயாளியாக இருந்திருந்தால் நம் மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதை வாங்கிக்கொண்டு வேறு கதவைத் தட்டலாம். வாயை மூடிக்கொண்டு அதே கதவுக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் வீண்.

சித்த மருத்துவத்தை நான் கைவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். ஊருக்குப் போனபோது அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்த ஒரு பெண்ணிடம் அதே காலண்டர் தாளைக் காட்டினேன். முழுதும் படித்துவிட்டு, “இவ்வளவு ஓடும்போது உள்மருந்து வேண்டாம் அம்மா, மேல்பூச்சு மட்டும் தருகிறேன்” என்றாள். அவள் கொடுத்த புட்டியில் உரிம எண் இருந்தது, தொகுதி எண் இருந்தது, என்னென்ன சேர்ந்தது என்று அச்சிட்டிருந்தது, காலாவதி நாள் இருந்தது. என் பொட்டலத்தில் இருந்ததெல்லாம் பழைய செய்தித்தாளின் சினிமா விளம்பரம். வைத்தியருக்கும் தொலைபேசியில் சொன்னேன். “எல்லாம் மூலிகை தாயே” என்று வைத்துவிட்டார்.

மகனிடம் சொன்னதுதான் கடினம். டாக்டரம்மாவிடம் சொன்ன அன்று மாலையே, அல்சூர் ஏரிக்கரையில் நடக்கும்போது சொன்னேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “டைரி டிக்கெல்லாம் பொய்யா அம்மா?” என்றான். பாதி பொய் என்றேன். “நான் கேட்கிற மாதிரி கேட்டிருக்க மாட்டேன்” என்றான். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. அவனுக்குக் கொஞ்சம் வலிக்கட்டும் என்று விட்டேன்.

இப்போது ஆஸ்பத்திரியில் எங்கள் எண் வரும்போது அவன் பாதி எழுந்து நின்று என் முகத்தைப் பார்ப்பான். முதல் ஐந்து நிமிடம் எனக்கு, மீதி அவனுக்கு. அவன் உள்ளே வந்ததும், அளவும் நாளும் என்னவென்று டாக்டரம்மா மறுபடி ஒரு முறை அவனுக்கும் சொல்வார். நான் மறப்பதை அவன் நினைவில் வைத்துக்கொள்வான். போன முறை மஞ்சள் பையைக் கவிழ்த்தபோது அதில் நாத்தனார் அனுப்பிய முடக்கத்தான் கீரைப் பொடி இருந்தது. டாக்டரம்மா பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தார், கொஞ்சம் சந்தேகத்தோடு என்னையும் பார்த்தார்.

“தோசைக்கு” என்றேன்.

“தோசைக்கு என்றால் சரி” என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.